முதுகில் போடும் ஊசி: வாசகர் கேள்விகள்

சென்ற இதழில் ஜவ்வு விலகல் (முதுகெலும்புகளுக்கு நடுவே இருக்கும் டிஸ்க் பிதுங்குவது) பற்றி எழுதியதும் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைத்தான் கேட்கின்றன: "முதுகில் ஊசி போடலாம் என்கிறார் டாக்டர், போட்டுக்கொள்ளலாமா?" அதனால் இந்த முறை மற்ற கேள்விகளை எடுத்து வைத்துவிட்டு இதற்கு மட்டும் எழுதுகிறேன். புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் டாக்டர் கிடையாது. கடலூரிலும் புதுச்சேரியிலும் 28 வருடம் ஆபரேஷன் தியேட்டர் சிஸ்டராக வேலை பார்த்தவள், அதில் கடைசி 9 வருடம் இந்த வலி ஊசி போடும் அறையில். ஓய்வு பெற்ற மறு வருடமே எனக்கும் எல்5 என்ற, இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கும் நரம்பு பிடித்துக்கொண்டது. எத்தனையோ பேரைத் திருப்பிப் படுக்க வைத்த அதே மாதிரி மேஜையில் நானே குப்புறப் படுத்து இரண்டு முறை ஊசி போட்டுக்கொண்டேன். முதல் ஊசி கேட்டது, இரண்டாவது கேட்கவில்லை. இரண்டையும் மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன்.

சிஸ்டர், எனக்கு 46 வயது, முந்திரிக் கொட்டை உடைக்கிற வேலை. ஏழு வாரமாக இடது இடுப்பிலிருந்து குதிகால் வரை சுளீர் சுளீர் என்று இழுக்கிறது. எல்5-எஸ்1 ஜவ்வு விலகி நரம்பை அழுத்துகிறது என்று ஸ்கேனில் வந்திருக்கிறது. மாத்திரைக்குக் கேட்கவில்லை, ஊசி போடலாம் என்கிறார் டாக்டர். பக்கத்து வீட்டு அக்கா "தண்டுவடத்தில் ஊசி போட்டால் கால் போய்விடும்" என்று பயமுறுத்துகிறார். அங்கே என்னதான் செய்வார்கள்?
— வாசகி, பண்ருட்டி

பயம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குப் புரிகிறது தங்கச்சி. முதலில் அதைப் பார்த்துவிடுவோம். பெரியவர்களுக்குத் தண்டுவடம் இடுப்பு வரை நீளுவதில்லை. விலா முடிகிற மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே, முதல் அல்லது இரண்டாவது இடுப்பு முள்ளெலும்பு அளவிலேயே முடிந்துவிடும். அதற்குக் கீழே இருப்பவை குதிரை வால் முடி மாதிரி தொங்கும் தனித்தனி நரம்பு வேர்கள். உங்களுக்கு ஊசி போடப் போவது அந்த இடத்தில், அதுவும் நரம்புகளைச் சுற்றியிருக்கும் உறைக்கு வெளியே உள்ள கொழுப்பு நிறைந்த ஓர் இடைவெளியில். எபிடூரல் என்று சீட்டில் எழுதியிருப்பார்களே, அது இந்த இடைவெளியின் பெயர்தான். தண்டுவடத்துக்குள் யாரும் ஊசியை இறக்குவதில்லை.

அறைக்குள் நடப்பது இதுதான். குப்புறப் படுக்கச் சொல்வார்கள், வயிற்றுக்குக் கீழே ஒரு தலையணை. இடுப்பில் பெட்டாடின் தடவும்போது ஜில்லென்று இருக்கும், பலர் அதற்கே துள்ளுவார்கள். அப்புறம் தோலை மரக்க வைக்கும் சின்ன ஊசி. எறும்புக் கடி மாதிரி பத்து விநாடி எரியும். அதற்கு மேல் தோலில் வலி தெரியாது, உள்ளே அமுக்குவது மட்டும் தெரியும். தலைக்கு மேலே வளைந்து நிற்கும் சீ-ஆர்ம் என்ற எக்ஸ்ரே இயந்திரத்தில் படம் பார்த்துப் பார்த்து டாக்டர் ஊசியை நகர்த்துவார். சரியான இடத்துக்கு வந்ததும் எக்ஸ்ரேயில் தெரியும் சாயத்தைச் செலுத்தி, அது நரம்பின் ஓரமாகப் பரவுகிறதா என்று பார்ப்பார். அந்த நேரத்தில்தான் உங்களுக்குப் பழக்கமான அதே வலி குதிகால் வரை ஒரு முறை ஓடும். நான் படுத்திருந்தபோது "ஐயோ" என்று கத்திவிட்டேன். டாக்டர் "அதே வலிதானா?" என்று கேட்டார், "அதேதான்" என்றேன், "அப்படியென்றால் சரியான இடம்" என்றார். இதை முன்கூட்டியே தெரிந்து வைத்துக்கொண்டால் பயம் பாதியாகிவிடும். அந்த நேரத்தில் உடம்பை மட்டும் அசைக்காதீர்கள், வாயால் சொல்லுங்கள். மின்சாரம் அடித்த மாதிரி கடுமையாகவோ புதிதாகவோ ஏதாவது தெரிந்தாலும் உடனே சொல்லுங்கள், அதற்காகத்தான் உங்களை மயக்கத்தில் ஆழ்த்தாமல் பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருக்கிறார்கள். மொத்தமும் பதினைந்து இருபது நிமிடம்.

செலுத்துவது இரண்டு மருந்துகள். ஒன்று மரக்க வைக்கும் மருந்து, லிக்னோகைன் அல்லது பூபிவகைன். மற்றது ஸ்டீராய்டு, அதாவது மெத்தில்பிரெட்னிசலோன், டிரையாம்சினலோன், டெக்சாமெத்தசோன் இவற்றில் ஒன்று. விலகிய ஜவ்வு நரம்பை அழுத்துவதோடு அந்த இடத்தில் ஓர் அழற்சியையும் கிளப்பி விடுகிறது, நரம்பு வீங்கிச் சிவந்து கிடக்கிறது. ஸ்டீராய்டு அந்த வீக்கத்தை வாட்டும். விலகிய ஜவ்வை அது உள்ளே தள்ளாது, இதை அழுத்திச் சொல்கிறேன். ஜவ்வு தானாகச் சுருங்குவதற்கு உடம்பு நேரம் எடுத்துக்கொள்கிறது. பெரும்பாலானவர்களுக்குக் கால் வலி ஆறு முதல் பன்னிரண்டு வாரத்துக்குள் நன்றாகவே குறைகிறது. அந்தக் காலத்தைக் கொஞ்சம் தூங்கி, கொஞ்சம் நடந்து, பயிற்சி செய்து கடத்துவதற்கு இந்த ஊசி கை கொடுக்கலாம். ஏழு வாரம் மாத்திரை சாப்பிட்டும் தூங்க முடியவில்லை என்றால் உங்கள் டாக்டர் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

கால் போகாது என்று நான் சத்தியம் செய்ய முடியாது, செய்யவும் கூடாது. அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2014இல், இந்த இடத்தில் ஸ்டீராய்டு போடுவதால் மிக அரிதாகப் பக்கவாதம், பார்வை இழப்பு, கால் செயலிழப்பு, மரணம்கூட நேரலாம் என்று எச்சரிக்கை வெளியிட்டது. சில ஸ்டீராய்டுகளில் உள்ள சிறு துகள்கள் ரத்தக் குழாய்க்குள் போய் அடைத்துக்கொள்வது இதற்கு ஒரு முக்கியக் காரணமாகக் கருதப்படுகிறது. கழுத்துப் பகுதியில் போடும்போது இந்த ஆபத்து கூடுதல், அதனால் அங்கே துகள் இல்லாத டெக்சாமெத்தசோனைப் பலர் விரும்புகிறார்கள். கீழ் இடுப்பில், எக்ஸ்ரே பார்த்து, சாயம் விட்டுச் சரிபார்த்துப் போடும்போது ஆபத்து மிகக் குறைவு. ஆகவே டாக்டரிடம் நீங்கள் கேட்க வேண்டியது: படம் பார்த்துப் போடுவீர்களா, சாயம் விடுவீர்களா, என்ன ஸ்டீராய்டு? இதைக் கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கோபித்துக்கொண்டால் வேறு டாக்டரைப் பாருங்கள்.

அக்கா, நான் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறேன். போன சனிக்கிழமை இடுப்பில் ஊசி போட்டார்கள். சாயங்காலம் வலியே இல்லை, சந்தோஷத்தில் மறுநாள் காலையிலேயே வண்டி எடுத்துவிட்டேன். திங்கட்கிழமை முன்னைவிட அதிகமாக வலிக்கிறது. காசு வீணாகிவிட்டதா? ஊசியைத் தப்பாகப் போட்டுவிட்டார்களா?
— வாசகர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி

தம்பி, இதே இடத்தில்தான் நானும் உட்கார்ந்து அழுதேன். 9 வருடம் அந்த அறையில் வேலை பார்த்தவளுக்கே மூன்றாம் நாள் ராத்திரி "தப்பாகப் போட்டுவிட்டார்களோ" என்று தோன்றியது என்றால், ஒன்றும் சொல்லாமல் வீட்டுக்கு அனுப்பப்பட்ட உங்களுக்குத் தோன்றாமல் இருக்குமா. எனக்கு ஊசி போட்ட மருத்துவமனையில் டிஸ்சார்ஜ் சீட்டில் மாத்திரை மட்டும் எழுதியிருந்தார்கள், அடுத்த பதினான்கு நாள் எப்படி இருக்கும் என்று ஒரு வரி இல்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை, அதனால்தான் இதை விவரமாக எழுதுகிறேன்.

முதல் நாள் சாயங்காலம் வலி போனது மரக்க வைக்கும் மருந்தால். அதன் வேலை சில மணி நேரம்தான். அது இறங்கியதும் பழைய வலி அப்படியே திரும்பும், அதோடு ஊசி போன இடத்தின் ரணமும் சேர்ந்துகொள்ளும். ஆகவே இரண்டாம் மூன்றாம் நாளில் வலி கூடியது போலத் தெரிவது பலருக்கும் நடப்பது. ஸ்டீராய்டு மெதுவாகத்தான் வேலையைத் தொடங்கும். சிலருக்கு இரண்டு மூன்று நாளில், பலருக்கு ஒரு வாரத்தில், சிலருக்கு இரண்டு வாரம்கூட ஆகும். எனக்கு ஆறாம் நாள் காலையில் பல் துலக்கும்போது குனிந்தேன், குனிந்த பிறகுதான் வலிக்கவில்லை என்பதே ஞாபகம் வந்தது. அந்த ஊசி எனக்கு ஏறக்குறைய நான்கு மாதம் தாங்கியது. இரண்டாவது ஊசிக்கு அந்த ஆறாம் நாள் வரவே இல்லை, பதினான்கு நாள் காத்திருந்து பார்த்துவிட்டு டாக்டரிடம் போனேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். முதல் சில மணி நேரம் வலி போனது நல்ல சேதி. எந்த நரம்பிலிருந்து வலி வருகிறதோ அங்கேதான் மருந்து போய்ச் சேர்ந்திருக்கிறது என்பதற்கு அது ஓர் அடையாளம். அந்தச் சாயங்காலம் எத்தனை மணி வரை வலி இல்லாமல் இருந்தது என்று குறித்து வைத்து டாக்டரிடம் சொல்லுங்கள், அவருக்கு அது மிகவும் உதவும்.

வண்டியைக் கொஞ்ச நாள் நிறுத்துங்கள். வருமானம் போகிறது, தெரியும். ஆனால் ஷேர் ஆட்டோ சீட்டில் குலுங்கிக்கொண்டு பத்து மணி நேரம் உட்காருவது வீங்கிய நரம்புக்கு மிகவும் கெடுதல். படுத்தே கிடக்கவும் வேண்டாம். வீட்டுக்குள்ளும் தெருவிலும் பத்துப் பத்து நிமிடமாக நடங்கள், ஒரே இடத்தில் அரை மணிக்கு மேல் உட்காராதீர்கள். இரண்டு வாரம் முடிந்தும் மாற்றம் இல்லை என்றால் திரும்பப் போய்க் காட்டுங்கள். காய்ச்சல், கழுத்து இறுக்கம், நாளுக்கு நாள் ஏறும் முதுகு வலி, காலில் புதிய பலவீனம் இதில் ஏதாவது வந்தால் இரண்டு வாரம் காத்திருக்காதீர்கள், அன்றே போங்கள். எழுந்து உட்கார்ந்தால் தலை பிளக்கிறது, படுத்தால் விட்டுவிடுகிறது என்றால் அதையும் போன் செய்து சொல்லுங்கள். ஊசி முனை நரம்பு உறையைத் துளைத்து உள்ளே இருக்கும் நீர் கசிந்தால் அப்படி வரும், பெரும்பாலும் சில நாளில் தானாகச் சரியாகிவிடும். ஆகாவிட்டால் உங்கள் சொந்த ரத்தத்திலேயே கொஞ்சம் எடுத்து அந்த இடத்தில் செலுத்தி அடைப்பார்கள்.

என் அம்மாவுக்கு 61 வயது, சர்க்கரை நோயாளி. ஊசி போட்ட மறுநாள் முகமெல்லாம் சிவந்து சூடாகிவிட்டது, ராத்திரி தூக்கமே இல்லை. சர்க்கரை 340 காட்டுகிறது. எப்போதும் 160க்குள்தான் இருக்கும். அலர்ஜியா?
— வாசகி, வில்லியனூர்

அலர்ஜியாகத் தெரியவில்லை. ஸ்டீராய்டு முதுகில் போட்டாலும் கொஞ்சம் ரத்தத்திலும் கலக்கும். முகச் சிவப்பு, தூக்கமின்மை, சிலருக்கு விக்கல், பெண்களுக்கு மாதவிலக்கு முன்பின்னாவது எல்லாம் அதனால்தான், ஓரிரு நாளில் அடங்கும். மூச்சு முட்டினாலோ உதடு வீங்கினாலோ உடம்பெல்லாம் தடித்தாலோதான் அது அலர்ஜி, அப்போது நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

சர்க்கரை ஏறுவதை மட்டும் லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். முதல் இரண்டு மூன்று நாள் மிக அதிகமாக இருக்கும், ஒரு வாரத்துக்குள் பெரும்பாலும் பழைய நிலைக்கு வந்துவிடும். அதுவரை தினமும் இரண்டு மூன்று வேளை பாருங்கள், சர்க்கரை டாக்டரிடம் இன்றே எண்ணைச் சொல்லுங்கள், மாத்திரையையோ இன்சுலினையோ சில நாளுக்கு மட்டும் கூட்டித் தருவார். நீங்களாகக் கூட்ட வேண்டாம். அம்மாவுக்கு அடிக்கடி சிறுநீர், வாந்தி, மயக்கம் மாதிரி இருந்தால் வீட்டில் வைத்திருக்காதீர்கள். ஊசி போடுவதற்கு முன்பே சர்க்கரை டாக்டருக்கும் வலி டாக்டருக்கும் ஒருவரைப் பற்றி ஒருவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரையோடு ஊசி போட்டுக்கொள்வதைத் தள்ளிப் போடுவதே நல்லது.

எனக்கு 34 வயது. ஒன்பது வருடம் முன்பு சிசேரியனுக்கு முதுகில் ஊசி போட்டார்கள். அன்றிலிருந்து இடுப்பு வலி. மாமியார், அம்மா, எங்கள் தெருவில் எல்லோருமே "அந்த ஊசிதான் காரணம்" என்கிறார்கள். இப்போது ஒரு டாக்டர் வலிக்கு முதுகில் ஊசி போடலாம் என்கிறார். ஊசியால் வந்த வலிக்கு மறுபடியும் ஊசியா?
— வாசகி, கடலூர் ஓ.டி.

இந்தக் கேள்வியை நான் வேலை பார்த்த 28 வருடமும் கேட்டிருக்கிறேன். நம் ஊரில் பிள்ளை பெற்ற பெண்ணுக்கு இடுப்பு வலித்தால் முதல் பழி அந்த ஊசி மேல்தான் விழும். ஊசி போட்ட இடத்தில் சில நாள் தொட்டால் வலிப்பது உண்மை. ஆனால் பிரசவத்தில் முதுகில் ஊசி போட்டவர்களையும் போடாதவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வுகளில், நீண்ட கால முதுகு வலி இரு பக்கத்திலும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் இருந்தது. சுகப்பிரசவம் ஆனவர்களுக்கும் இடுப்பு வலிக்கத்தான் செய்கிறது.

உங்கள் வலி பொய் என்று நான் சொல்லவில்லை. ஒன்பது வருடத்தை நினைத்துப் பாருங்கள். கர்ப்பத்தில் இடுப்பு மூட்டுகளின் தசைநார்கள் தளர்கின்றன, வயிற்றுத் தசை இழுபட்டுப் போகிறது, அதன் மேல் சிசேரியன் தையல். அதற்குப் பிறகு யாராவது உங்களுக்கு வயிற்றுத் தசைக்கும் முதுகுத் தசைக்கும் பயிற்சி சொல்லிக் கொடுத்தார்களா? சுவரில் சாய்ந்தும் சாயாமலும் குனிந்து பால் கொடுத்தது, தூக்கத்திலேயே பிள்ளையைத் தூக்கியது, குடத்தை இடுப்பில் ஒரே பக்கம் வைத்தது, இதெல்லாம் கணக்கில் வராமல் ஐந்து நிமிட ஊசி மட்டும் கணக்கில் நின்றுவிட்டது. ஊசி மேல் பழி போட்டுவிட்டால் செய்வதற்கு ஒன்றும் இல்லை என்று ஆகிவிடுகிறது, பெண்கள் அப்படியே வலியோடு இருந்துவிடுகிறார்கள். எனக்கு இதில்தான் வருத்தம்.

இப்போது சொல்கிற ஊசி வேறு. அது மரக்க வைப்பதற்கு உறைக்கு உள்ளே போட்டது, இது ஸ்டீராய்டு கலந்து உறைக்கு வெளியே போடுவது. ஆனால் உங்கள் கடிதத்தில் கால் வலி பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. காலுக்கு இறங்கும் நரம்பு வலிக்குத்தான் இந்த ஊசி ஓரளவு பயன்படுகிறது. இடுப்பில் மட்டும் இருக்கும் வருடக் கணக்கான வலிக்கு எபிடூரல் ஊசி பயன்படும் என்று சொல்ல நல்ல ஆதாரம் கிடையாது. உங்கள் நிலையில் நான் இருந்தால் ஊசியைத் தள்ளி வைத்துவிட்டு, பிசியோதெரபிஸ்ட் ஒருவரிடம் மூன்று மாதம் விடாமல் பயிற்சி கற்றுச் செய்வேன்.

நான் நெய்வேலியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன், வயது 68. தண்டுவடக் குழாய் குறுகியிருக்கிறது என்கிறார்கள். நூறு அடி நடந்தால் இரண்டு காலும் கனத்து மரத்துவிடும், உட்கார்ந்தால் சரியாகும். 14 மாதத்தில் ஐந்து ஊசி போட்டாயிற்று. முதலாவது மூன்று மாதம் தாங்கியது, ஐந்தாவது பத்து நாள்கூட இல்லை. ஆறாவதுக்குத் தேதி கொடுத்திருக்கிறார்கள். போகலாமா?
— வாசகர், கடலூர்

ஐயா, என்னைக் கேட்டால் அந்தத் தேதியை ரத்து செய்துவிட்டு இன்னொரு முதுகுத்தண்டு டாக்டரிடம் கருத்துக் கேளுங்கள் என்பேன்.

கணக்கைப் பாருங்கள், உங்கள் உடம்பே பதில் சொல்லியிருக்கிறது. மூன்று மாதம் என்பது பத்து நாளாகக் குறைந்திருக்கிறது. வருடத்துக்கு மூன்று நான்குக்கு மேல் வேண்டாம் என்பது பல டாக்டர்கள் வைத்திருக்கும் வரம்பு. அதுவும் நன்றாகப் பலன் தந்தவர்களுக்கு மட்டும். ஸ்டீராய்டு திரும்பத் திரும்பப் போனால் எலும்பு மெலியும், சர்க்கரை ஏறும், உடம்பு தானே சுரக்கும் ஸ்டீராய்டு அமுங்கிப் போகும். 68 வயதில் எலும்பைப் பணயம் வைக்கக் கூடாது.

ஜவ்வு விலகி வரும் வலியும் உங்கள் குழாய்க் குறுக்கமும் ஒன்றல்ல. உங்களுக்கு எலும்பும் தடித்த தசைநாரும் சேர்ந்து வழியைக் குறுக்கிவிட்டன, அதை எந்த மருந்தும் அகலப்படுத்தாது. 2014இல் அமெரிக்காவில் உங்களைப் போல் குழாய் குறுகிய 400 பேருக்கு ஒரு பரிசோதனை நடந்தது. பாதிப் பேருக்கு ஸ்டீராய்டும் மரக்க வைக்கும் மருந்தும், மீதிப் பேருக்கு மரக்க வைக்கும் மருந்து மட்டும். ஆறு வாரம் கழித்துப் பார்த்தால் இரு பக்கமும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. ஜவ்வு விலகிக் கால் வலி வந்தவர்களிடம்கூட, 2020இல் காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பு தொகுத்த ஆய்வுகளின்படி, ஸ்டீராய்டு ஊசிக்கும் ஸ்டீராய்டு இல்லாத வெற்று ஊசிக்கும் உள்ள வித்தியாசம் வலி அளவில் 100க்கு 5 புள்ளி போல, அதுவும் குறுகிய காலத்துக்குத்தான். 2025இல் பி.எம்.ஜே. என்ற பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்த ஒரு சர்வதேச வழிகாட்டுதல் இன்னும் ஒரு படி மேலே போய், மூன்று மாதத்துக்கு மேல் நீடித்த வலிக்கு இந்த ஊசிகள் வேண்டாம் என்றே சொன்னது. வலி மருத்துவர்கள் பலர் அதை ஏற்கவில்லை, யாருக்குப் போட வேண்டும் என்று சரியாகத் தேர்ந்தெடுத்தால் பலன் உண்டு என்று வாதாடுகிறார்கள். என் அனுபவத்தில் இரண்டு பக்கமும் பார்த்திருக்கிறேன். ஒரே ஊசியில் ஆபரேஷன் தேவையில்லாமல் வயலுக்குத் திரும்பியவர்களும் உண்டு, மாதா மாதம் வந்து படுத்துப் படுத்து ஏமாந்தவர்களும் உண்டு. சராசரி என்பது இந்த இரண்டு பேரையும் சேர்த்துக் கூட்டியதுதான். நீங்கள் இப்போது எந்தப் பக்கம் நிற்கிறீர்கள் என்பது உங்கள் கடிதத்திலேயே தெரிகிறது.

சைக்கிள் ஓட்டினால் கால் கனக்கவில்லையா என்று பாருங்கள். முன்னால் குனியும்போது குழாய் கொஞ்சம் அகலும், அதனால் உங்களைப் போன்றவர்களுக்கு நடையைவிட சைக்கிள் சுலபம். நடக்கும் தூரம் நாளுக்கு நாள் குறைந்தால், குழாயைத் திறந்துவிடும் ஆபரேஷன் பற்றி மனம் திறந்து பேசுங்கள். புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனைக்கு ஸ்கேன் படங்களை எல்லாம் எடுத்துக்கொண்டு போய்க் காட்டலாம், காலையில் சீக்கிரம் கிளம்பிவிடுங்கள்.

அப்பா மீன்பிடித் தொழில். ஒரு மாதமாக முதுகு வலி, அடுத்த வெள்ளிக்கிழமை ஊசி போட நாள் குறித்திருக்கிறார்கள். இரண்டு நாளாக வலது பாதம் தரையில் இழுபடுகிறது, செருப்பு கழன்று விழுகிறது. உட்காரும் இடம் மரத்திருக்கிறது, சிறுநீர் சரியாக வரவில்லை என்கிறார். வெள்ளிக்கிழமை வரை வலிக்கு என்ன கொடுக்கலாம்?
— வாசகர், தேவனாம்பட்டினம்

இந்தத் தம்பி கடிதத்தில் போன் நம்பர் எழுதியிருந்தது என் பாக்கியம். கடிதத்தைப் பிரித்த கையோடு கூப்பிட்டு, வெள்ளிக்கிழமை கிடக்கட்டும், இப்போதே அப்பாவை ஆம்புலன்சில் ஏற்று என்றேன். எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் இங்கே போடுகிறேன். அந்தக் குதிரை வால் நரம்புக் கொத்து மொத்தமாக நசுங்கினால் இப்படி வரும்: சிறுநீர் அடைக்கும் அல்லது தெரியாமல் போகும், மலம் கட்டுப்படாது, சைக்கிள் சீட்டில் படும் இடமெல்லாம் மரத்துப் போகும், கால் பலம் குறையும். இதற்கு ஊசி தீர்வே கிடையாது. மணிக்கணக்கில் முடிவெடுத்து ஆபரேஷன் செய்ய வேண்டிய நிலை. தாமதமானால் சிறுநீர்க் கட்டுப்பாடு நிரந்தரமாகப் போகலாம். அவருக்கு அன்று இரவே ஸ்கேன் எடுத்து, விடிவதற்குள் ஆபரேஷன் ஆகிவிட்டது. பாதம் இன்னும் முழுதாகத் தூக்கவில்லை, சிறுநீர் திரும்ப வந்துவிட்டது என்று மகன் போன வாரம் சொன்னார்.

இதயத்தில் ஸ்டென்ட் வைத்து ஆறு மாதம் ஆகிறது. குளோபிடோக்ரல் மாத்திரையை நிறுத்திவிட்டு வந்தால்தான் ஊசி போடுவோம் என்றார்கள். நாளையிலிருந்து நிறுத்திவிடட்டுமா?
— வாசகர், நெல்லிக்குப்பம்

வேண்டாம். இதய டாக்டர் எழுதிக் கொடுக்காமல் ஒரு வேளைகூட நிறுத்தாதீர்கள், ஸ்டென்ட் அடைத்துக்கொண்டால் உயிருக்கே ஆபத்து. அது ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மாத்திரை, அதைச் சாப்பிட்டுக்கொண்டே ஊசி போட்டால் உள்ளே ரத்தம் கட்டி நரம்பை அழுத்தலாம், அதனால்தான் வலி டாக்டர் ஒரு வாரம் போல நிறுத்தச் சொல்கிறார். அவர் கேட்பதும் நியாயம்தான், ஆனால் முடிவு இதய டாக்டருடையது. இப்போது நிறுத்த முடியாது என்று அவர் சொன்னால் ஊசியைத் தள்ளிப் போடுங்கள்.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கும் ஒன்று. ஊசிக்கு முன் இவற்றைக் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள்: ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரை, கர்ப்பம் இருக்கலாம் என்ற சந்தேகம், ஸ்கேன் சாயத்துக்கு முன்பு அலர்ஜி வந்தது, இப்போது உடம்பில் எங்காவது சீழ் அல்லது காய்ச்சல். முக்கியமாக, சாயங்காலக் காய்ச்சலும் எடை குறைவும் ராத்திரி வலியும் சேர்ந்து இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். நம் நாட்டில் முதுகெலும்புக் காசநோய் அபூர்வமில்லை, அதன் மேல் ஸ்டீராய்டு போட்டால் கிருமிக்குத்தான் கொண்டாட்டம்.

இந்த ஊசி புதிதாக வந்ததா? எங்கள் தாத்தா காலத்தில் கேள்விப்பட்டதே இல்லை.
— வாசகர், லாஸ்பேட்டை

புதுச்சேரிக்காரர் கேட்பதால் சொல்கிறேன், இதைத் தொடங்கியவர்கள் பிரெஞ்சுக்காரர்கள்தான். 1901இல் பாரிசில் சிகார், கத்தலன் என்ற இரண்டு மருத்துவர்கள் தனித்தனியாக, வால் எலும்புக்கு மேலே உள்ள சிறு துளை வழியாக மருந்து செலுத்தினார்கள். அப்போது மருந்து கொக்கைன். ஸ்டீராய்டு சேர்ந்தது 1950களில். இன்றும் அந்தத் துளை வழியாகப் போடும் முறை இருக்கிறது, கவுடல் என்பார்கள்.

இவ்வளவு பழையது என்பதால் கவனக் குறைவு கூடாது. 2012இல் அமெரிக்காவில் ஒரு மருந்துக் கூடத்தில் சுத்தமில்லாமல் தயாரித்த ஸ்டீராய்டு குப்பிகளில் பூஞ்சை கலந்து, ஊசி போட்டுக்கொண்ட 750க்கும் மேற்பட்டவர்கள் நோயில் விழுந்தார்கள், 60க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அந்தச் செய்தி வந்த பிறகு எங்கள் அறையில் ஒவ்வொரு குப்பியையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்காமல் நான் டாக்டர் கையில் கொடுத்ததில்லை. ஒருவருக்கு உடைத்த குப்பியை இன்னொருவருக்குப் போடக் கூடாது. உங்கள் கண் முன்னே புதுக் குப்பியை உடைக்கச் சொல்லிக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

ஊசி போட்ட அன்றே பஸ்ஸில் வீட்டுக்கு வரலாமா? துணைக்கு ஆள் இல்லை.
— வாசகி, பாகூர்

துணை இல்லாமல் போகாதீர்கள். ஊசி போட்ட சில மணி நேரம் ஒரு கால் மரத்துத் துவளும், நமக்கு நன்றாக ஊன்றிய மாதிரி தெரியும், பஸ் படியில் ஏறும்போது மடங்கிவிடும். அப்படி விழுந்து மணிக்கட்டு முறிந்தவரை நானே பார்த்திருக்கிறேன். மகளோ பக்கத்து வீட்டுப் பெண்ணோ யாராவது ஒருவர், கிளம்புவதற்கு முன் உங்களைப் பிடித்துக்கொண்டு பத்து அடி நடத்திப் பார்க்கட்டும். அன்று மட்டும் ஆட்டோ பிடித்துக்கொள்ளுங்கள், பின் சீட்டில் கால் நீட்டி. முடிந்தால் காலை நேரத்து ஊசியாகக் கேளுங்கள், இருட்டுவதற்குள் வீடு வந்து சேரலாம்.